முயலைக் குத்தாத துப்பாக்கி

ஒரு காட்டில், ஆற்றங்கரை நாவல் மரத்தடியில், அன்று கூடியிருந்தவர்கள்: முயல் ஒன்று, தேவாங்கு ஒன்று, தையல்சிட்டு ஒன்று, ஆமை ஒன்று, முள்ளம்பன்றி ஒன்று, புள்ளிமான் நான்கு, காட்டுக்கோழி மூன்று. ஆகப் பன்னிரண்டு பேர். மேற்கிளையில் ஒரு சிறுத்தையும் படுத்திருந்தது. யாரும் தலையைத் தூக்கிப் பார்க்காததால் அது கணக்கில் வரவில்லை.

முயலின் வீடு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அந்த வழியில் சிறுத்தை நடமாட்டம். போன மாதம் மட்டும் முயலின் உறவில் இரண்டு பேர் வீடு திரும்பவில்லை. ஆகவே முயல் ஒரு கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு மனுப் போட்டது. படிவம் மூன்று பிரதி. புகைப்படத்தில் காது வெட்டுப்பட்டிருக்கிறது என்று மனு இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை காதை மடித்துப் படம் எடுத்தது. ஆள் வேறு மாதிரி இருக்கிறது என்று அதுவும் திரும்பியது. நாலாம் முறை கிடைத்தது. துப்பாக்கி ஒன்று, குண்டு ஆறு.

உரிமத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. துப்பாக்கியை மறைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். வெளியே தெரியவில்லை என்று அதிகாரி நேரில் பார்த்துச் சான்று தருவார். அதற்குப் பிறகு யார் கண்ணில் பட்டாலும் உரிமம் ரத்து. சான்று வாங்க அன்றுதான் கடைசி நாள்.

அதிகாரி தேவாங்கு. கண் பெரிது என்பதால் அதற்கு அந்த வேலை கிடைத்திருந்தது.

தையல்சிட்டு இரண்டு தேக்கிலையைச் சேர்த்து ஓர் உறை தைத்து வந்திருந்தது. முதலில் அதை முயலின் இடது காதுக்குள் வைத்தார்கள். காது தரையைத் தொட்டது. முயல் நேராக நடக்கப் பார்த்து, வட்டமாகச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்தது.

"தெரியுதா ஐயா?" என்று கேட்டது.

"தெரியுது," என்றது தேவாங்கு.

அடுத்து வயிற்றில் கட்டினார்கள். முயல் ஒன்பது தாவல் தாவியது. ஒன்பது தாவலிலும் தொடையில் அடிபட்டது. உட்கார்ந்தால் துப்பாக்கி முனை தாடையைப் பார்த்தது.

"குனிஞ்சா குத்துது, நிமிர்ந்தா நழுவுதுக்கா," என்றது முயல்.

"மூச்சைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கங்க," என்றது தையல்சிட்டு.

"வீடு போய்ச் சேர்ற வரைக்குமா?"

பிறகு முதுகில் கட்டி, மேலே பஞ்சு வைத்து மூடினார்கள். பெரிய மான் அருகில் வந்து பார்த்தது. "கட்டி மாதிரி இருக்கே தம்பி. வைத்தியர்கிட்ட காட்டினியா?"

தேவாங்கு தலையை ஆட்டியது. "தெரியுது."

முள்ளம்பன்றிக்குச் சிரிப்பு வந்தது. "நான் இத்தனை முள்ளையும் வெளியேதான் வச்சிருக்கேன். எவனும் என்கிட்ட ஒரு படிவம் கேட்டதில்லை."

"அது உடம்போட வந்தது. இது ஆபீஸ்லேருந்து வந்தது," என்றது தேவாங்கு.

பொழுது சாயத் தொடங்கியது. முயலுக்குக் கண் கலங்கியது. சான்று இல்லாவிட்டால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஆற்றைக் கடக்க வேண்டும்.

அப்போது தையல்சிட்டு சொன்னது: "இங்க வச்சிருக்கேன், அங்க வச்சிருக்கேன்னு காட்டிட்டு, தெரியுதான்னு கேட்டா தெரியாம என்ன செய்யும்? எல்லாரும் கண்ணை மூடுங்க. அவர் இஷ்டத்துக்கு ஒளிச்சு வைக்கட்டும்."

தேவாங்குக்கும் அது நியாயமாகப் பட்டது. "எல்லாரும் மூடுங்க. உத்தரவு," என்றது.

மூடினார்கள். ஆமை தலை, கால் எல்லாவற்றையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. கண்ணை மூடு என்றால் ஆமைக்கு அதுதான் வழக்கம். உத்தரவு என்பதால் மேற்கிளையில் இருந்த சிறுத்தையும் மூடிக்கொண்டது.

முயலுக்கு உடம்பெல்லாம் வலித்தது. எங்கே வைப்பது என்று யோசிக்கும்வரை இங்கே இருக்கட்டும் என்று, ஆமையை லேசாகச் சாய்த்து, துப்பாக்கியை அதன் அடியில் தள்ளியது. யோசித்து முடிப்பதற்குள் எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

தேவாங்கு முயலை மூன்று முறை சுற்றி வந்தது. காதை விரித்துப் பார்த்தது. வாலைத் தூக்கிப் பார்த்தது. தாவச் சொன்னது. முயல் அழகாகத் தாவியது.

"குத்துதா?"

"இல்லைங்க ஐயா."

"எங்க வச்சிருக்கீங்க?"

"சொன்னா அது மறைச்சு வச்சதாகுமா ஐயா?"

தேவாங்கு மகிழ்ந்துபோய்ச் சான்று எழுதி, சீல் குத்திக் கொடுத்தது. ஆமை ஓட்டுக்குள்ளேயே தூங்கிவிட்டிருந்தது. இத்தனை பேர் பார்க்கத் துப்பாக்கியை உருவினால் உரிமம் ரத்து. முயல் பல்லைக் கடித்துக்கொண்டு, காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டது.

ஆற்றைக் கடக்கும் இடத்தில் சிறுத்தை எதிரே குதித்தது.

துப்பாக்கி எந்தப் பக்கம் என்று தெரிந்தால் மறுபக்கமாகப் பாய்ந்துவிடலாம் என்பது அதன் திட்டம். காதைப் பார்த்தது. வயிற்றைப் பார்த்தது. முதுகைப் பார்த்தது. சுற்றி வந்து இன்னொரு முறை பார்த்தது.

"எங்கடா வச்சிருக்க?"

முயல் காகிதத்தை நீட்டியது. சிறுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தது: 'இவரிடம் ஆயுதம் உள்ளது. எங்கு உள்ளது என்று கண்டறிய இயலவில்லை.'

"சீல் உண்மையானதுதானா?"

"அதிகாரி கையாலே குத்தினதுங்கண்ணே."

சிறுத்தை எட்டு அடி பின்வாங்கியது. "நான் தண்ணி குடிக்கத்தான் வந்தேன்," என்றது.

மறுநாள் தேவாங்கின் ஆபீசில் வரிசை நின்றது. முதலில் மான்கள், பிறகு கோழிகள், கடைசியில் சிறுத்தை. இப்போது அந்தக் காட்டில் சான்று ஒன்பது, துப்பாக்கி ஒன்று. ஆமை இன்னும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தரை ஒரு பக்கம் மேடாகிவிட்டது, இடுப்பு வலிக்கிறது என்று போகிறவர்களிடமெல்லாம் சொல்கிறது. வயதாகிவிட்டது, தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள் என்று முயல் அக்கறையோடு சொல்லிவிட்டுப் போகிறது.

நீதி: மறைத்து வைத்த துப்பாக்கி யாரையாவது குத்தத்தான் செய்யும், அது அடுத்தவராக இருந்தால் நமக்கு வசதி. மீதம் குண்டு ஆறு.