வெத்தூரியாவின் பல்லும் என் கத்தரிப்பூ வாயும்

பிரயிலா, மே 9

பெருமதிப்பிற்குரிய மச்சான் எஃப்திமியே அவர்களுக்கு,

உங்கள் தங்கை வெத்தூரியாவின் கணவன் சொத்தீர் தலைவணங்கி எழுதிக்கொள்வது. இங்கே டான்யூப் ஆறும் நாங்களும் அவரவர் கரைக்குள் இருக்கிறோம். உங்கள் மூட்டுவலியும் அப்படியே அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஐம்பத்தேழு வயதில் உங்கள் தங்கை பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டதைக் கேட்டு, "கிழவிக்கு எதுக்குடி இந்த முள்வேலி?" என்று தொலைபேசியில் சிரித்தீர்கள். பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன். என் பங்குச் சிரிப்பை வாபஸ் வாங்கவே இந்தக் கடிதம்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்கிய வாரம் பல் டாக்டர் ஸெனோவியா அவள் வாயைப் பார்த்துவிட்டு, "ஈறு வீங்கி ரத்தம் கசியுது. கம்பியைச் சுத்தி அழுக்கு இப்படியே நின்னா பல்லுல வெள்ளைத் தழும்பு விழும், விழுந்தா போகாது. எட்டு வாரம் தர்றேன். சரியாகலைன்னா எல்லாத்தையும் கழட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டார். முப்பது வருஷம் ரயில் நிலைய டிக்கெட் ஜன்னலில், வாயைக் கையால் மறைத்துக்கொண்டே சிரித்தவள் இவள் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டு வாசலில் நின்று, "கழட்ட விடமாட்டேங்க" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் குளியலறை கோயிலாகிவிட்டது மச்சான். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு கம்பிக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு பல்லாகத் தேய்க்கிறாள். அப்புறம் எறும்பு வீட்டில் பாட்டில் கழுவச் செய்தது போல ஒரு குட்டி பிரஷ், அது கம்பிக்கு அடியில் நுழைந்து வெளியே வருகிறது. அப்புறம் நூல். ஒவ்வொரு இடுக்கிலும் கம்பிக்குப் பின்னால் கோத்து இழுக்க வேண்டும். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியவன் நான், நாற்பது டன் இரும்பைக் கப்பலுக்குள் பூப்போல இறக்கியவன். அந்த நூல் நுழைகிற இடத்தைப் பார்த்து எனக்கே மூச்சு நின்றது. டார்ச் பிடிப்பது என் வேலை. கம்பி கன்னத்தைக் கிழித்த நாளில், கடுகளவு மெழுகை உருட்டிக் கம்பி முனையில் ஒட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல சூப் குடித்தாள். நீங்கள் அனுப்பிய தேன் வால்நட் பர்ஃபியை, "என் கம்பிக்கு எமன்" என்று சொல்லி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள், மன்னிக்கவும்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அந்த அடுத்த வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நான். அன்று காலை, பல்லில் அழுக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்க டாக்டர் தந்த நிறமாத்திரையை, ஆராய்ச்சி நோக்கத்தோடு நானும் வாயில் போட்டேன். கண்ணாடியைப் பார்த்தால் வாய் முழுக்கக் கத்தரிப்பூ! என் வழக்கப்படி பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்தேன், நிறம் அசையவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனேன்.

பாதிரியார், "சாத்தானை விட்டு விலகுறீங்களா?" என்றார். "ம்ம்" என்றேன். "வாயைத் தொறந்து சொல்லுங்க, அவனுக்குக் கேக்கணும்ல" என்றார். திறந்தேன். வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை கப்பென்று வாயை மூடிக்கொண்டது. "இப்ப அந்தச் சாத்தான் மேல துப்புங்க" என்றார், அதுதானே சடங்கு. துப்பினேன். வெள்ளைக் கல்படியில் அது விழுந்த நிறத்தைப் பார்த்து அவர் சிலுவை போட்டுக்கொண்டு ஓரடி பின்னால் போய், "சொத்தீர், நெசமாவே அவனைக் கடிச்சிட்டீங்களா?" என்றார்.

வெத்தூரியா என்னைத் தரதரவென்று பின்பக்கக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். கைப்பையிலிருந்து புது பிரஷ், நூல், கண்ணாடி எல்லாம் வந்தன. "ஆ காட்டுங்க. உங்க பிரஷ் ஈறுக்கிட்ட போனதே இல்லை. அழுத்தாம, ஈறும் பல்லும் சேர்ற எடத்துல, மெதுவா" என்று ஒவ்வொன்றாகத் துலக்கினாள். உள்ளே முழுக் குடும்பமும் காத்திருக்க, அவள் ஒரு பல்லைக்கூடத் தாண்டவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள் மச்சான். அவளை அன்றைக்குத்தான் அண்ணாந்து பார்த்தேன்.

மறுநாள் டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் வாயை வெகுநேரம் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாரும்மா, ஈறுன்னா இப்படி இருக்கணும்" என்றார். வெத்தூரியா சிரித்தாள். கை மேலே போகவில்லை. நான் ஆண்பிள்ளை, கப்பல் மூழ்கினாலும் கலங்காதவன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டார் அனைவருக்கும் ஆண்டவர் ஆரோக்கியமான ஈறுகளை அருளட்டும்.

பணிவுடன்,
சொத்தீர்

பி.கு.: அண்ணா, வெத்தூரியா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்ட குடுத்தார், படிச்சுட்டேன். ஆராய்ச்சியும் இல்லை ஒண்ணும் இல்லை, நான் ஒளிச்சு வெச்ச மிட்டாய்னு நெனச்சு ரெண்டு மாத்திரையை மென்னு முழுங்கினார். டார்ச் பிடிச்சாராம், அதைப் பிடிச்சுக்கிட்டே ஸ்டூல்ல தூங்குவார். டாக்டர் என்னைப் பாராட்டினப்போ ஓன்னு அழுதது யார்னு கேளு. பயந்துபோய் அவங்க இவரை நாற்காலியில சாய்ச்சுப் படுக்க வெச்சாங்க, அப்படியே வாயையும் பார்த்துட்டாங்க. செவ்வாய்க்கிழமை இவருக்கும் கிளிப்புக்கு அளவெடுக்கிறாங்க. எனக்குத் துணைக்கு வர்றதா நெனச்சுக்கிட்டு இப்பவே சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கார். போன் பண்ணினா இதைப் பத்தி இவர்கிட்ட வாயைத் தொறந்துடாதே.