நீதிபதி ஐயாவின் இரண்டு கட்டுகள்

உலகத்தில் நடுநிலை என்று ஒன்று உண்டென்றால், அது எங்கள் நீதிபதி ஐயாவின் மேஜையில் மட்டும்தான் இருக்கிறது. பதினேழு வருடமாக அவருக்குத் தீர்ப்பு டைப் அடிக்கிறவன் நான், அடித்துச் சொல்வேன். இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் காற்று சமமாகப் போகவேண்டும் என்று மின்விசிறியையே அளவெடுத்து மாற்றி மாட்ட வைத்தவர் அவர்.

சுரங்க ஊழலை எழுதிய நிருபரைக் கார் ஏற்றிக் கொன்ற வழக்கு எங்களிடம் வந்தது. முதல் எதிரி, ஊரறிந்த கட்சித் தலைவர். இரண்டாம் எதிரி, அவருடைய டிரைவர். தலைவர் ஜாமீனில் வந்து, மேடை மேடையாகப் பேசி, சட்டத்துக்கு 'ஒத்துழைத்தார்'. டிரைவர் மூன்று வருடமாகச் சிறைக்குள் இருந்து ஒத்துழைத்தார்.

வாதங்கள் முடிந்ததும் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு தீர்ப்பு அடிச்சிடுங்க. தலைவருக்கு ஒண்ணு விடுதலை, ஒண்ணு தண்டனை."

"எதுங்கய்யா நிஜம்?"

"இப்பவே முடிவு பண்ணினா அது பாரபட்சம் இல்லையா?"

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. 'விடுதலை' நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. 'தண்டனை' ஒரு பக்கம் குறைந்தது. ஒருதலைப்பட்சமாகிவிடுமே என்று தலைவரின் கொடூரத்துக்கு இன்னும் நாலு பத்தி சேர்த்துச் சமப்படுத்தினோம். தேர்தல் வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் தீர்ப்பு என்று தேதி குறித்தார் ஐயா. முன்பே சொன்னால் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசுவார்களாம்.

டிரைவரின் மனைவி வாய்தா தவறாமல் வருவாள். மூன்று வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மேஜையருகே நிற்பாள்.

"ஐயா, அந்த நிருபர் செத்த அன்னைக்குப் பூரா எங்க வீட்டுக்காரர் பிரசவ ஆஸ்பத்திரியில எங்கூடத்தான் இருந்தாரு. அவரு கையெழுத்துப் போட்ட சீட்டு உங்ககிட்டதானே இருக்கு? படிச்சாங்களா?"

"அது சான்றாவணம் நாப்பத்தொண்ணு. பத்திரமா தச்சு வச்சிருக்கோம். கவலைப்படாதம்மா, ஐயா யாருக்கும் சாதகமா நடக்கிறவர் இல்ல."

தலைவரின் கட்சி ஜெயித்தது. மறுநாள் காலை ஐயா செய்தித்தாளை நாலாக மடித்து வைத்துவிட்டு, "விடுதலைக் கட்டை எடுங்க" என்றார். மனசாட்சி அப்போதுதான் அவருக்கு முடிவைச் சொன்னதாம்.

தலைவர் நிரபராதி. காரை யாராவது ஓட்டியிருக்கத்தானே வேண்டும் என்ற 'சட்ட நுணுக்கத்தின்படி' டிரைவருக்குப் பத்து வருடம். வாசலில் வெடி வெடித்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் அவள் என் மேஜைக்கு வந்தாள். அழவில்லை.

"ஐயா, தலைவர் தோத்திருந்தா எங்க வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்திருப்பாரா?"

'தண்டனை'க் கட்டு என் முன்னால்தான் கிடந்தது. அதைப் புரட்டிப் பார்க்கத் தேவையில்லை. வேறு எதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம், வாய் வரவில்லை.

"இல்லம்மா. அதுலயும் பத்து வருஷம்தான். உன் வீட்டுக்காரரைப் பத்தின பக்கத்தை மட்டும் நான் ஒரே தடவைதான் அடிச்சேன். ரெண்டு கட்டுக்கும் அதையே ஜெராக்ஸ் எடுத்து வச்சிட்டோம்."

யார் ஜெயித்தாலும் மாறாத பக்கம் அது ஒன்றுதான். அதில் சான்றாவணம் நாற்பத்தொன்றைப் பற்றி ஒரு வரி கிடையாது. பிழை திருத்திக் கொடுத்தவன் நானே. ஓர் எழுத்துப் பிழை இல்லை.