கெட்டுப்போவதற்குள் குளித்துவிடுங்கள்

இயற்கை ஷாம்பு காய்ச்சுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவர்களைப் பார்த்திருக்காவிட்டாலும் அவர்கள் உங்கள் தலையைப் பார்த்திருப்பார்கள். உச்சியில் ஒரு விரலைத் தேய்த்து, மோந்து பார்த்து, "கடை ஷாம்பா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள்.

எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். என் தங்கை. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைதான். பூந்திக்கொட்டையை விதை நீக்கி, எடை போட்டு, ஊறவைத்து, காய்ச்சி, மூன்று முறை வடிகட்டுவாள். அந்தத் தோலிலேயே நுரை இருக்கிறது. எண்ணெய், அழுக்கு எல்லாம் ஓடிவிடும். ஒரே ஒரு குறை. கெடாமலிருக்க மருந்து எதுவும் கலக்காததால் நாலு நாளில் புளித்துவிடும். அவள் காய்ச்சியது இருபது லிட்டர். வீட்டில் தலைகள் மூன்று.

புரிகிறதா? ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு குளியல்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு மாப்பிள்ளைக்கு நேர்முகத் தேர்வு. ஏழு மாதமாக வேலையில்லாத மனிதர். சட்டை போட்டு, தலை சீவி, ஒரு காலை ஷூவில் நுழைத்த நேரத்தில் அவள் குவளையோடு வந்து வாசலை மறித்தாள்.

"என்னங்க, ஒரே ஒரு தடவை ஊத்திக்கிட்டுப் போயிடுங்க."

"காலையிலேருந்து ரெண்டு தடவை ஊத்தியாச்சுடி!"

"சாயங்காலத்துக்குள்ள கெட்டுடும்ங்க."

"நான் கெட்டாப் பரவாயில்லையா? மச்சான், நீங்களாவது சொல்லுங்க!"

நான் நியாயமாகத்தான் சொன்னேன். "கண்ணை நல்லா மூடிக்குங்க மாப்பிள்ளை. எரியும்."

கேட்டாரா? மணி பார்க்க ஒரு கண்ணைத் திறந்தார். பூந்திக்கொட்டைக்கு அது போதும். எரிந்த கண்ணைத் தேய்த்த கையாலேயே மற்றதையும் தேய்த்தார்.

தக்காளி மாதிரி இரண்டு கண்களோடு, மூக்கு ஒழுக, அதிகாரி முன்னால் உட்கார்ந்தாராம். "இந்த வேலை உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார்களாம். தாரை தாரையாகக் கண்ணீர் விட்டபடி, "பகல் பூரா வீட்டுக்கு வெளியே இருக்கணும் சார்" என்றாராம். இவ்வளவு உருக்கமாக அங்கே யாரும் வேலை கேட்டதில்லை. அங்கேயே உத்தரவைக் கையில் கொடுத்து, முகம் துடைக்கத் துண்டும் கொடுத்தார்கள்.

"பாத்தீங்களாண்ணே? அந்த மூணாவது குவளைதான் ராசி" என்றாள் தங்கை. மறுநாளே நாற்பது லிட்டர் அடுப்பில் ஏறியது. நான்தான் கிளறினேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நீங்கள் படியேறி வரும் சத்தம் கேட்டதுமே, நீங்கள் ஒன்றும் கேட்காமலே, உள்ளேயிருந்து யாராவது "நான் இப்பத்தான் குளிச்சேன்!" என்று கத்தினால், அவர்களை ஒன்றும் சொல்லாதீர்கள். உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.