திருஷ்டிப் பூதமும் சக்கரத்துச் சென்சாரும்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் கையில் அளக்கும் கருவி எதையும் கொடுக்கக் கூடாது. வீட்டுக்கு வெப்பமானி வாங்கிய அன்று மகளுக்கு அளந்தேன், கணவருக்கு அளந்தேன், எனக்கும் அளந்துகொண்டேன். யாருக்கும் காய்ச்சல் இல்லை என்றதும், இது கெட்டுப்போயிருக்குமோ என்று இன்னொன்று வாங்கினேன். இதெல்லாம் தெரிந்தும் என் கணவர் சரவணன் என் மின்சைக்கிளில் ஒரு சைக்கிள் கம்ப்யூட்டரை மாட்டிவிட்டார்.

நல்லெண்ணம்தான். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து பாலர் பள்ளிக்கு மகள் யாழினியை நானே கொண்டுபோய் விடுவேன் என்று அடம்பிடித்து வாங்கிய சைக்கிள் அது. (கார் உரிமம் இருக்கிறது. தைரியத்தைத்தான் புதுப்பிக்கவில்லை.) வழியில் ஒரு மேம்பாலம். அதில் ஏறும்போது பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று தினமும் கலங்குவேன். அந்தக் குட்டித் திரையோ மோட்டாரிடமிருந்து தகவல்களைக் கம்பியில்லாமலே வாங்கி, வேகம் என்ன, பேட்டரி எவ்வளவு, இன்னும் எத்தனை தூரம் போகலாம் என்று காட்டும்.

"இனிமே நீ பயப்படவே வேணாம்" என்றார் சரவணன். அன்றிலிருந்து எண்களைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தேன்.

ஒருநாள் காலை பக்கத்து வீட்டு விமலா அக்கா கேட் அருகே நின்று சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருக்குலா இது. பெட்ரோலும் வேணாம், மூச்சும் வாங்கல. குடுத்து வச்சவ நீ."

தெருமுனை திரும்புவதற்குள் திரையில் எண்கள் மறைந்து வெறும் கோடுகள் நின்றன. (அதே மோட்டாரைக் கைப்பேசியிலும் இணைத்து வைத்திருந்தேன், இரண்டிலும் ஒரே எண் வருகிறதா என்று சரிபார்க்க. மோட்டார் ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் பேசும் என்பது பிறகு தெரிந்தது.)

நான் படித்தவள். அதனால் முதலில் கையேட்டை முழுதாகப் படித்தேன். கண்பட்டால் என்ன செய்வது என்று அதில் எங்கும் இல்லை. எனவே பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய், குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுகிற திருஷ்டிப் பூதம் ஒன்றை வாங்கி வந்தேன். உருட்டிய விழி, நீட்டிய நாக்கு, பின்புறம் வட்டக் காந்தம்.

சைக்கிளின் உடம்பு அலுமினியம். பூதம் எங்கேயும் ஒட்டவில்லை. பின்சக்கரத்துப் பக்கம் கொண்டுபோனபோதுதான், அங்கிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியின் திருகாணியில் டக்கென்று போய் உட்கார்ந்துகொண்டது. பூதமே இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டதே என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

மறுநாள் பாலர் பள்ளி ஆண்டுவிழா. முதல் நிகழ்ச்சியே பழங்களின் நடனம். யாழினி அதில் ரம்புத்தான்: சிவப்புப் பஞ்சு உருண்டை, மேலெல்லாம் கம்பளி நூல் முடி. காரில் கொண்டுபோய் விடுவதாகச் சரவணன் சொன்னார். வேண்டாம், நீங்கள் வேலையிலிருந்து நேரே வாருங்கள் என்றேன். இன்று நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால், யாராவது கொண்டுபோய் விடக் காத்திருக்கும் பழைய வாழ்க்கைக்கே நான் திரும்ப வேண்டும்.

தெருவில் இறங்கியதும், கோடுகள் போய், வேகம் பூஜ்யம் என்றது திரை. மரங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு குழியில் குலுங்கியதும் கொமுட்டர் ரயிலே பொறாமைப்படும் வேகம் காட்டியது. தென்கோடி ஜொகூர்வரை போகலாம் என்றது. அடுத்த நொடி, அடுத்த சந்துகூடச் சந்தேகம் என்றது. மேம்பாலத்து ஏற்றத்தில் மோட்டார் அடங்கியே விட்டது.

இறங்கித் தள்ளினேன். நிறைந்த சமையல் காஸ் தோம்பைத் தள்ளுவது போலிருந்தது, அதன்மேல் ரம்புத்தான் வேறு. மோட்டார்சைக்கிளில் வந்த மலாய்க்காரப் பெரியவர், பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று பரிவோடு கேட்டார். இதற்குப் பெட்ரோலே ஊற்ற வேண்டாம் என்று பெருமையாக விளக்கினேன். வேர்த்து வழியும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

யாழினியை ஓரமாக இறக்கிவிட்டு, எல்லாவற்றையும் அணைத்தேன். பூதத்திடம் மனமுருக வேண்டிக்கொண்டேன். கண் திறந்தால் பூதம் யாழினியின் கையில் இருந்தது.

"அம்மா, இது பல்லே விளக்கல."

திட்டிக்கொண்டே சைக்கிளை உயிர்ப்பித்தேன். எண்கள் ஒழுங்காக வந்தன, மோட்டார் முனகியது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அத்தனை திருஷ்டியையும் வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் பூதம் குழந்தை கையால் இறங்கிவிட்டது.

மண்டபத்துக்குள் நுழையும்போது மங்குஸ்தீனும் டுரியானும் கைகூப்பி நின்றன, நடனம் முடிந்திருந்தது. ஆசிரியை யாழினியை வரிசையின் கடைசியில் நிறுத்தி, அவளுடைய ஒரே வசனத்தையாவது சொல்லட்டும் என்று மைக்கை நீட்டினார். அவள் கையைத் தூக்கினாள். பூதமும் கூடவே வந்தது.

"நான் ரம்புத்தான். இது எங்கம்மா சைக்கிள் பூதம்" என்று சொல்லி, அதைப் போலவே நாக்கை நீட்டினாள். மண்டபம் சிரித்து அடங்க நேரமாயிற்று. சரவணன் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் நடந்ததை, என் கண்டுபிடிப்பு உட்பட, அவரிடம் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"பூதத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"காந்தம்."

"சக்கரம் சுத்துறத அந்தப் பெட்டி எத வச்சுக் கண்டுபிடிக்குது?"

கையேட்டின் ஒரு படம் மெல்ல நினைவுக்கு வந்தது. சக்கரக் கம்பியில் ஒரு குட்டிக் காந்தம்; அது கடக்கும்போதெல்லாம் பெட்டி எண்ணி, மோட்டாருக்கும் சொல்லும். "காந்தம்" என்றேன், சற்றுத் தாழ்ந்த குரலில்.

"கண்ணு பட்டது நெசந்தான்" என்றார். "ஆனா விமலா அக்கா கண்ணு இல்ல."

இன்றும் யாழினியை நான்தான் சைக்கிளில் கூட்டிப்போகிறேன். எண்களும் சரியாகவே வருகின்றன. பூதம் குளிர்பதனப் பெட்டியில் அந்த ரம்புத்தான் படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் வைஃபை நின்றாலும் சரி, மாமனாரின் காதுக்கருவி கீச்சிட்டாலும் சரி, யாரும் முதலில் பழுது பார்ப்பவரைக் கூப்பிடுவதில்லை. "எதையாவது ஒட்டினியா?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள்.

போன வாரம் வெப்பமானி எண் காட்டவில்லை. யாழினி என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய், பூதம் அதன் இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.