சுவரில் ஒட்டப்பட்ட தாய்மாமன்

ஃபெராரா,
நவம்பர் 5

அன்புள்ள நீவெஸ் அக்காவுக்கு, உன் தம்பி எர்மெத்தே வணக்கத்துடன் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நலமா என்று கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. உன் முழங்கால் வலி தேவலையா?

உன் மகன் டுல்லியோ எடுக்கும் படங்களில் நான் நடிப்பது உனக்குத் தெரியும். முதல் படத்தில் ஆற்றில் மூழ்கிச் செத்தேன், இரண்டாவதில் மனைவி விஷம் வைத்தாள், மூன்றாவதில் படம் தொடங்கும்போதே சவப்பெட்டியில் கிடந்தேன். பல்கலைக்கழகத்தில் ரோமானிய வாரிசுரிமைச் சட்டம் நடத்துகிறவனுக்குச் சாவு புதிதல்ல என்று பொறுத்துக்கொண்டேன். இந்த முறை அவன் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, "கன்னமெல்லாம் நல்லா ஒட்டிப்போச்சு மாமா, மேக்கப்பே வேணாம்" என்று பூரித்துப்போனான். கதைக்கு மரண அறிவிப்பு வேண்டுமென்று, கறுப்புக் கரை போட்ட தாளில் என் படத்தோடு என் சொந்தப் பெயரையே அச்சடித்து (வேறு பெயர் யோசிக்க நேரமில்லையாம்) எங்கள் தெருச் சுவரில் ஒட்டிப் படம்பிடித்தவன், கிழிக்காமல் போய்விட்டான். அதுவும் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள்.

மறுநாள் காப்பிக் கடைக்குள் நுழைந்தால், கடைக்கார ஓரெஸ்தே பீடை ஒட்டாமலிருக்கச் சட்டென்று இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மற்றவர்கள் நாற்காலியின் இரும்புக் காலைத் தொட்டார்கள். இரும்பு அகப்படாத ஆண்கள் எதைத் தொட்டார்கள் என்று உனக்கு எழுத முடியாது.

"உயிரோடதான்யா இருக்கேன், ஒரு காப்பி குடு."

"தர்றேன் புரபசர். காசை மட்டும் மேசைல வெச்சிடுங்க, கையில குடுக்காதீங்க."

துறைக்குப் போனால், என் உதவியாளன் பெனாட்டி என் அறை ஜன்னலுக்குத் திரை அளவெடுத்துக்கொண்டிருந்தான். "ராத்திரி பூரா உங்களுக்காக அழுதேன் புரபசர்" என்றான். கண் சிவந்துதான் இருந்தது, ஆனால் அளவு நாடாவைக் கீழே வைக்கவில்லை.

இதையெல்லாம் விடு. நேற்று அந்தச் சுவருக்கு எதிரே கண்ணாடி போடாத ஒரு அம்மாள் என்னை நிறுத்தி, "இந்த மனுசனை உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"கொஞ்சம் தெரியும்."

"நல்லவரா?"

அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன் அக்கா. அழுகையாக வந்தது.

ஆகவே உன் மகனிடம் சொல்லிவிடு. இனி எந்தப் படத்திலும் நான் சாக மாட்டேன், நடிக்கவே மாட்டேன், கேமராவோடு வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். நாளை வயிற்றுப் பரிசோதனை முடிவு வாங்க வேண்டும், அந்த வேலையே எனக்குப் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். புனித அந்தோணியார் உங்கள் வீட்டுக் கூரையையும் உன் முழங்காலையும் காக்கட்டும்.

உன் தம்பி (சுவரில் இருப்பவன் அல்ல),
எர்மெத்தே

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டேன். கணையமாம். ஈஸ்டர் வரை ஓடினால் பெரிது என்கிறார் டாக்டர். சுவரில் அறிவிப்பு அப்படியே இருக்கிறது. படம் மோசமில்லை, கிழிக்க வேண்டாம். மேலே எழுதிய எதையும் டுல்லியோவிடம் சொல்லாதே. அடுத்த படத்தை உடனே ஆரம்பிக்கச் சொல். அதில் மட்டும் கடைசிக் காட்சி வரைக்கும் என்னை உயிரோடு வைத்திருக்கச் சொல்.