மேட்டில் நின்றுதான் வீசுவேன்

ஆல்டர் க்ரீக் வாரப் பத்திரிகையின் மதிப்பிற்குரிய ஆசிரியர் ஹார்லன் ப்ரூட் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஆர்வில் ஸ்டென்செல் எழுதுவது. இங்கு நலம். அங்கு தாங்களும் தங்கள் தோட்டத்துச் சோளமும் நலமென நம்புகிறேன்.

முன்பு என் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "சார், நீங்க பெரிய லீக்ல பந்து போட்டீங்களா, வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டான். அந்த மாணவன் தாங்கள்தான். இப்போது பத்திரிகையிலும் அதையே கேட்டிருக்கிறீர்கள். ஜூலை நான்காம் தேதி பேஸ்பால் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் மரியாதைப் பந்தை நான் வீசலாமாம். ஆனால் வயதை உத்தேசித்து, வீச்சாளர் நிற்கும் மேட்டில் ஏறாமல், பாதித் தூரத்தில் நின்று வீச வேண்டுமாம்.

பாதித் தூரமா? நான் பெரிய லீக்கில் ஆடியது ஒரே ஒரு பிற்பகல்தான், ஒப்புக்கொள்கிறேன். முதல் பந்து மட்டைக்காரனின் விலாவில் பட்டது, அடுத்தவன் அடித்த பந்தை இன்னும் தேடுகிறார்கள், அதற்கடுத்த பந்து நடுவரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது, பிறகு வந்தவர்களையெல்லாம் அடிக்காமலே ஓட்டமெடுக்க விட்டேன், எங்கள் அணி மேலாளர் டச் என்பவர் மேடேறி வந்து, "ஏம்ப்பா, எதிரணியில உனக்கு மச்சான் யாராவது இருக்கானா?" என்றார். "இல்லீங்க." "அப்புறம் ஏன் இப்படி வாரி வழங்குற? பந்தைக் குடு. போய்க் குளி."

ஒருவரைக்கூட நான் ஆட்டமிழக்கச் செய்யவில்லை. விட்டுக்கொடுத்த ஓட்டங்களை ஆட்டமிழந்தவர்களால் வகுத்தால்தானே வீச்சாளரின் சராசரி? பூஜ்யத்தால் வகுக்க முடியாதென்று என்னையே உதாரணமாகக் காட்டி இந்த ஊருக்கே கற்பித்தேனே, ஹார்லன், நீ ஒருத்தன்தான் அன்னைக்கு ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டிருந்த. ஆகவே எனக்குச் சராசரியே கிடையாது. இல்லாத சராசரியை வைத்து என்னை எப்படி மட்டம் தட்டுவாய்?

டச் என்னை மேட்டிலிருந்து இறக்கினார். அவர் மேலாளர், இறக்கலாம். நீ இறக்க முடியாது. ஒரு தடவையாவது அந்த மேட்டிலிருந்து நானாக இறங்க வேண்டும். "தோள்பட்டை கழண்டு விழுந்தா பொறுக்க நான் வரமாட்டேன்" என்கிறாள் என் மனைவி வெர்னா. விழாது. உன் அலுவலகத்துக்கு எதிரே, பள்ளிச் சுவரில் தினமும் பந்து வீசிப் பழகுகிறேன். குறி ஒருமுறையும் தப்பியதில்லை.

தங்கள் பத்திரிகை தழைக்கவும், சோளம் விளையவும், புத்தி தெளியவும் வாழ்த்தும்,
ஆர்வில் ஸ்டென்செல்

பின்குறிப்பு: இன்று காலை உடைந்த உன் அலுவலக ஜன்னலைப் பற்றி விசாரிக்கிறாயாம். பந்து என்னுடையதுதான். அப்போது நான் சுவரைப் பார்த்து, உன் அலுவலகத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். எப்படிப் பின்னால் போனதென்று எனக்கும் விளங்கவில்லை. ஆனால் அது போன தூரம் மேட்டுத் தூரத்தைவிடக் கூடுதல். நம்பாவிட்டால் டேப் எடுத்து அளந்து பார்.