ஓல்கா இன்னும் சாப்பிடவில்லை

மனிதர்களில் ஊட்டுபவர் என்று ஓர் இனம் உண்டு. பிள்ளைக்கு ஊட்டுபவர், பூனைக்கு ஊட்டுபவர் எல்லாம் அதில் சில்லறை வகை. முற்றிய வகையைப் பார்க்க வேண்டுமென்றால் நெதர்லாந்துக்கு, லேவார்டன் நகருக்கு வாருங்கள். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் பாம்பு வளர்க்கும் ரின்சே இருக்கிறான்.

அடையாளம் காண்பது சுலபம். "எப்படி இருக்கே?" என்று கேளுங்கள். "ஓல்கா இன்னும் சாப்பிடல" என்பான். ஓல்கா அவனுடைய மலைப்பாம்பு. குளிர்காலம் வந்தால் அந்த இனம் மாதக்கணக்கில் வாயைத் திறக்காது. உடம்பில் ஒரு குறையும் இல்லை, தொந்தரவு செய்யாமல் விடுங்கள் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். மருத்துவருக்குப் பாம்பைத் தெரியும், தாயுள்ளம் தெரியுமா?

ஆகவே ரின்சே, ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து எலியை எடுத்து, வெந்நீரில் போட்டு இளக்கி, மனைவி ஃபெம்கேயின் ஹேர் டிரையரால் சூடேற்றி, இடுக்கியில் பிடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை நடக்கவிட்டு, ஓடவிட்டு, கடைசியில் ஆடவும் விட்டு, "பாரு செல்லம், உயிரோடதான் இருக்கு" என்று கூசாமல் பொய் சொல்வான். ஓல்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடனே அதைத் தூக்கி எடை பார்ப்பான், தடவுவான், இளைத்துவிட்டாயே என்று புலம்புவான், மறுபடி எலியை ஆட்டுவான். நீங்களாயிருந்தால் சாப்பிடுவீர்களா?

இத்தனைக்கும் எங்கள் ஊர் எப்படிப்பட்டது? மாலை ஆறு மணியானால் வந்தவரை வாசல்வரை கொண்டுவிட்டு, அப்புறம்தான் உருளைக்கிழங்குச் சட்டியைத் திறப்போம். வருடக்கணக்காக அந்த வீட்டுக்குப் போகிறேன். ஒரு காபி, ஒரு பிஸ்கட், உடனே டப்பாவுக்கு மூடி. "இன்னொண்ணு எடுத்துக்கோ" என்று என்னிடம் ஒருநாளும் சொல்லாத வாய்தான் பாம்பிடம் அப்படிக் கெஞ்சியது. எனக்கு வயிறு எரிந்தது.

பிப்ரவரியில் ஃபெம்கேயின் அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள், டெர்ஸ்கெல்லிங் தீவில். ரின்சே வரமாட்டேன் என்றான்.

"அவ பட்டினி கிடக்கறப்போ நான் கேக் திங்கவா?"

"என் அக்கா கல்யாணத்துக்கும் இதையேதான் சொன்னே" என்றாள் ஃபெம்கே. "இந்தத் தடவை நான் தனியா படகு ஏறினா, திரும்பி இந்த வீட்டுக்கு வரமாட்டேன்."

குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் எனக்கே பயமாகிவிட்டது. ரின்சே உடனே கிளம்பச் சம்மதித்து, வீட்டுச் சாவியை என் கையில் திணித்தான்.

"முதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடு. அப்புறம் மெதுவா தடவிக் கொடு. எலியை ஆட்டறப்போ இடுப்பை லேசா..."

"எலியைப் போடு, துணியால மூடு, வெளியே வந்துடு" என்றாள் ஃபெம்கே.

அவள் சொன்னதைத்தான் செய்தேன். மணி ஆறாகியிருந்தது, என் உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை துணியை விலக்கினால் எலியைக் காணோம். ஓல்காவின் நடுவயிறு புடைத்திருந்தது. சந்தோஷமாக ரின்சேக்குப் போன் போட்டேன்.

"சாப்பிட்டுட்டாப்பா."

அவனோ விசாரணையைத் தொடங்கினான்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டியா?"

"இல்லை."

"என்னைத் தேடினாளா?"

"அப்படித் தெரியல."

"கொஞ்சம்கூடவா?"

போனை வைத்துவிட்டான். அன்று முதலில் அவன் கேக்கைத் தொடவில்லையாம். பிற்பாடு ஃபெம்கே சொன்னாள். அவள் கெஞ்சவெல்லாம் இல்லை. தட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்ததாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வெளியூரில் இருக்கும் உங்கள் பிள்ளையிடம் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டீர்களே, "நல்லா சாப்பிட்டேன்" என்று பதில் வந்ததும் உங்கள் முகம் ஏன் அப்படி வாடிப்போனது?